பாப்பா பாலர் பள்ளிக்குப் போகுமுன்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சி,

சிங்கப்பூர் வந்து பொங்கோலில் குடியிருக்கும் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே பாப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் நிம்மதியாக இருந்தது. பதினெட்டு மாதம் முடிந்து முழுநாள் வகுப்பில் சேர்கிறாள். நீ வேலைக்குப் போவதால் பள்ளிக் கட்டணத்தில் மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அரசாங்கத்தின் அடிப்படை மானியமாகக் கழியும், வருமானத்தைப் பொறுத்துக் கூடுதல் மானியமும் உண்டு. அந்தக் கணக்கையெல்லாம் மாப்பிள்ளை போட்டு வைத்திருப்பார். முதல் வார அழுகையைப் பற்றி அம்மாவில் தொடங்கிப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வரைக்கும் சொல்லியிருப்பார்கள். நான் எழுத வந்தது காய்ச்சலைப் பற்றி.

இதுவரை வீட்டோடு இருந்த பிள்ளை. இனி ஒரே அறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு சாப்பிடுவாள், தூங்குவாள், ஒரே பொம்மையை மாறி மாறி வாயில் வைப்பாள். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அது இன்னும் கூடும். ஒரு சளி முழுசாக விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அப்போது நீ உன்னையே நொந்துகொள்வாய், பள்ளி சரியில்லையோ என்று சந்தேகப்படுவாய், வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதே. பிள்ளையின் உடம்பு புதுக் கிருமிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

அந்த மாதங்களுக்கு இப்போதே ஆளையும் நாளையும் ஒதுக்கி வையுங்கள். இதை நீ மட்டும் செய்யக் கூடாது, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து செய்ய வேண்டும்.

பாப்பா சிங்கப்பூர்க் குடிமகள். அவளுக்கு ஏழு வயதாகும்வரை உனக்கு ஆண்டுக்கு ஆறு நாள், அவருக்கு ஆறு நாள், சம்பளத்தோடு பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் மூன்று நாளை முதலாளி ஏற்கிறார், அடுத்த மூன்றை அரசாங்கம் ஏற்கிறது. இரண்டு வயது முடியும்வரை சம்பளமில்லா விடுப்பாக ஆளுக்கு இன்னொரு 12 நாள் இருக்கிறது. 2024 ஜனவரியில்தான் அதை ஆறிலிருந்து 12 ஆக்கினார்கள். பலருக்கு இது தெரியாது. சம்பளம் போகிறதே என்று யோசிக்க வேண்டாம், அவசரத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே தெம்பு வரும். இந்த நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஊருக்குப் போகவும் தீபாவளிக் கடைக்கும் செலவழித்துவிடாதீர்கள். ஆசிரியர் பயிற்சி என்று பள்ளியே மூடும் நாள்களும் உண்டு. ஆண்டு நாள்காட்டியைக் கேட்டு வாங்கி, அந்த நாள்களை முதலில் பங்கு போட்டுவிடுங்கள்.

அடுத்து, பள்ளியில் நிரப்பச் சொல்லும் படிவம். 'அவசரத்துக்கு யாரை அழைப்பது' என்ற இடத்தில் யோசிக்காமல் எல்லாரும் அம்மாவின் எண்ணை முதலில் எழுதுகிறார்கள். நீ வேலை செய்வது துவாஸில். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆசிரியர் அழைத்தால், நீ தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வர வேண்டும். மாப்பிள்ளை இருப்பது செராங்கூனில், வடகிழக்கு ரயிலில் ஐந்தே நிறுத்தம். அவர் எண்ணை முதலில் எழுது. 'ஆம்பிளையைக் கூப்பிட்டு என்ன சொல்வது' என்று ஆசிரியர் தயங்கி உன்னையே அழைத்தாலும், அப்பாவை அழைக்கும்படி பணிவாகச் சொல்லிவிடு. இரண்டு முறை சொன்னால் பழகிவிடும். மாப்பிள்ளையும் தன் மேலாளரிடம் இப்போதே பேசட்டும். 2024 டிசம்பரிலிருந்து, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை (வீட்டிலிருந்து வேலை, வேலை நேர மாற்றம் போன்றவை) எழுத்தில் முறையாகக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஓர் அப்பா வேலையிலிருந்து கிளம்புவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் இன்னும் நிறைய வேண்டும் என்பது என் ஆசை.

இனி நான் மனதில் கனமாக வைத்திருப்பதைச் சொல்கிறேன். காலையில் உடம்பு கொதிக்கும். இரண்டு பேருக்கும் முக்கியமான கூட்டம் இருக்கும். பாராசிட்டமால் கொடுத்தால் அரை மணியில், ஒரு மணியில் காய்ச்சல் இறங்கும். பள்ளி வாசலில் வெப்பநிலை பார்க்கும்போது 37 காட்டும், உள்ளே விட்டுவிடுவார்கள். இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ செய்யாதே. மதியத்துக்குள் மருந்தின் வேகம் தீர்ந்து பிள்ளை சுருண்டு படுத்திருக்கும், அதற்குள் வகுப்பில் எல்லாருக்கும் நோயைக் கொடுத்திருக்கும். வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன தம்பி இருக்கலாம். பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆசிரியர் மாசமாக இருக்கலாம். விடுப்பே இல்லாமல் தவிக்கும் பெற்றோரின் நிலை எனக்குப் புரிகிறது. குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆண்டுக்கு இரண்டு நாள்தான், அது எந்த மூலைக்குப் போதும்? அந்த நாள்களை அதிகமாக்க வேண்டும் என்று நாமெல்லாரும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது, அதனால் உங்களுக்குச் சாக்கு இல்லை.

மருந்து விஷயத்தில் ஒன்று. பாராசிட்டமால் அளவை வயதை வைத்துப் பார்க்காதே, எடையை வைத்துப் பார். பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாமல். கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. உன் வீட்டில் ஒன்று, அம்மா வீட்டில் இன்னொன்று என்றிருந்தால் அதே அளவு மில்லி இரண்டு மடங்கு மருந்தாகிவிடும். இரண்டு வீட்டிலும் ஒரே வகையை வாங்கி வை. டெங்கி இருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரோஃபன் கொடுக்காதே.

காய்ச்சல் சட்டென ஏறும்போது சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். பார்க்கவே குலை நடுங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வை, நேரத்தைப் பார், வாயில் எதையும் திணிக்காதே. கையில் இரும்புச் சாவி கொடுப்பதெல்லாம் நம் பெரியவர்கள் பழக்கம், அதனால் பயனில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரச் சொல். நின்றுவிட்டாலும் முதல்முறை வந்தது என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். இந்தப் பத்தியை அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

கை, கால், வாய் நோய் எப்படியும் ஒருமுறை வரும் என்று எடுத்துக்கொள். 2000-ஆம் ஆண்டில் பிள்ளைகள் சிலர் இறந்துபோன அளவுக்கு அது பரவி, நாடு முழுக்கப் பாலர் பள்ளிகளை மூடினார்கள். பள்ளிகள் இன்றைக்கும் அதில் கறாராக இருப்பதற்கு அது ஒரு காரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். கொப்புளத்தைப் பார்த்ததும் அம்மா 'அம்மை போட்டிருக்கு' என்பார், தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலை வாங்கி வரச் சொல்வார். வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளட்டும், அதில் ஒரு குறையும் வராது. ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட விடாதே. வாயெல்லாம் புண்ணாக இருக்கும், ரசம் எரியும், சூடான எதுவும் இறங்காது. ஆறவைத்த கஞ்சி, குளிர்ந்த தயிர்ச்சோறு, இளநீர் என்று எது போகிறதோ அதைக் கொடு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் டயப்பர் காய்ந்தே இருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி தூக்கிவாரிப் போட்டாலோ, எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தாலோ காத்திருக்காமல் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குக் கிளம்பு. டயப்பர் மாற்றியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைப்பையில் வைத்திருக்கும் சானிடைசர் இந்தக் கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது. மருத்துவர் தரும் விடுப்புச் சான்றின் (எம்சி) நாள்கள் முடிந்து கொப்புளங்கள் காயும்வரை பள்ளிக்கு மட்டுமல்ல, கீழே விளையாட்டுத் திடலுக்கும் கோயிலுக்கும் போக வேண்டாம்.

அம்மாவை நம்பித்தான் நீ தைரியமாக இருக்கிறாய் என்று தெரியும். ஆனால் எல்லா நோய்க்கும் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட முடியாது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வயது எழுபதை நெருங்குகிறது. சாதாரண மூக்கொழுகல் என்றால் பார்த்துக்கொள்வார். இன்ஃபுளுவென்சா என்று மருத்துவர் சொல்லிவிட்டால் நீங்கள் இருவரில் ஒருவர்தான் வீட்டில் இருக்க வேண்டும், அம்மா கேட்டாலும் அனுப்பாதே. அவருக்கும் பாப்பாவுக்கும் ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி போட்டுவிடு. குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு ஐந்து வயது வரை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அது இலவசம். பாப்பாவின் சுகாதாரப் புத்தகத்தில் தட்டம்மை ஊசி இரண்டும் பதிவாகியிருக்கிறதா என்று பார். அது சட்டப்படி கட்டாயம், சேர்க்கும்போதே கேட்பார்கள்.

படிவத்தில் மூன்றாவது எண்ணாக என்னுடையதை எழுது. பாப்பாவை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலிலும் என் பெயரையும் அத்தான் பெயரையும் சேர்க்க மறக்காதே, இல்லாவிட்டால் வாசலில் வந்து நின்றாலும் எங்களிடம் விடமாட்டார்கள். செவ்வாயும் வியாழனும் நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். ஈசூனிலிருந்து டாக்சியில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா