சருகு மூட்டை அக்காவுக்கு

நாற்றம் என்று புகார் வந்த, விடுதிச் சமையலறைக் கழிவை உரமாக்கும் எங்கள் கம்போஸ்ட் கொட்டகையை மூடப் போவதில்லை என்று நேற்று சாயங்காலம் தகவல் வந்ததிலிருந்து எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வாரமாக என்ன நடந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியாக நடந்தவர்கள்தானே நீங்கள் எல்லோரும். குவியலைக் கிளறியதே போதும், அதையும் கிளற வேண்டாம்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் முதலில் நூலகத்துக்குப் பின்னால் பெருக்கும் அக்கா. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சருகில் அதிகமுள்ள கரிமமும் சமையலறைக் கழிவில் அதிகமுள்ள தழைச்சத்தும் 30-க்கு 1 என்ற கணக்கில் இருக்க வேண்டும், சூடு 55 டிகிரியைத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறுதான். குவியலோ 38 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. அன்று வெப்பமானியைக் குத்திவிட்டு முழித்துக்கொண்டு நின்றோம். அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரல் இடுக்கெல்லாம் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது.

“நாலு சொட்டு வந்தா சரி. இது அழுவுது தம்பி. உள்ள மூச்சு முட்டிப்போச்சு.”

காற்றில்லாமல் அழுகுவதுதான் நாற்றத்துக்குக் காரணம் என்று நாங்கள் நான்கு பக்க அறிக்கை எழுதியிருந்தோம். அவருக்கு ஒரு பிடி போதுமாக இருந்தது. மழையில் சருகெல்லாம் ஊறிக் கிடக்கிறதே, காய்ந்ததற்கு எங்கே போவது என்றோம். வாங்க என்று கூட்டிக்கொண்டு போனார். மாடிப்படிக்குக் கீழே, கூரை வரை, வாய் கட்டிய மூட்டைகள். எண்ணிப் பார்த்தோம், 42.

“எரிக்கச் சொன்னாங்க. எரிச்சா எனக்கு இருமல் வருது. அதான் கட்டி வெச்சேன். எப்பவாச்சும் யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்தேன்.”

யாரும் கேட்கவில்லை. ‘கழிவு மேலாண்மை’ என்று பெரிதாகப் பதாகை வைத்தோம், கூட்டம் போட்டோம், படம் எடுத்தோம். தினமும் அந்தச் சருகை அள்ளுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் நடந்தது சுலபம். ஒரு கூடைச் சமையலறைக் கழிவுக்கு இரண்டு கூடைச் சருகு, நன்றாகப் புரட்டல். மூன்றாம் நாள் காலை குவியலிலிருந்து ஆவி கிளம்பியது. வெப்பமானி 58 காட்டியது. ஒருத்தன் அதைக் கட்டிப்பிடிக்கவே போய்விட்டான்.

பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு வாளி அனுப்பிய விடுதிச் சமையலறை அண்ணன்கள், ஞாயிறும் வண்டி எடுத்த ஓட்டுநர், கூட்டத்தில் எங்களுக்காகப் பேசிய பேராசிரியர், மண்வெட்டி பிடித்த முதலாமாண்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. புகார் எழுதியவர்களுக்கும்தான். நிஜமாகவே நாறியது.

இனி எங்கள் கூட்டம் எதுவும் அக்கா இல்லாமல் நடக்காது. அதுவும் அவருடைய வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல். அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

உரம் ஆறிப் பக்குவப்பட இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். சலித்த முதல் மூட்டையை நூலகத்துப் பின்பக்க மரங்களுக்கே போடலாம் என்று அக்காவிடம் சொன்னோம். சிரித்துவிட்டார்.

“அதுங்களுக்கா? இன்னும் தழைச்சு இன்னும் கொட்டும். பெருக்கறது யாரு, நீங்களா?”