கொலுப் பொம்மைகளோடு கோட்டைச் சுவர்களும் விற்பனைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலும் அண்ணா சாலை பூம்புகார் விற்பனை நிலையத்திலும் கொலுப் பொம்மை விற்பனை தொடங்கவிருக்கும் இவ்வேளையில், பெற்றோரும் பொம்மைக் கலைஞர்களும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன். விளையாடுவோர் டெரெயின் என்று சொல்லும் இப்பொருள், தரை, சுவர், கதவு, படிக்கட்டு, பாறை எனத் தனித்தனித் துண்டுகளாக வருகிறது. அவற்றைச் சேர்த்து மேசை மேல் இன்று ஒரு கோட்டையையும், அதே துண்டுகளைப் பிரித்து நாளை ஒரு சுரங்கப் பாதையையும் அமைத்துவிடலாம்.

இத்துண்டுகள் பெரிதும் பயன்படுவது கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டுகளில்தான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று முடிவுகளை எடுக்கிறார்கள். முயற்சி பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்கிறது. மேசையில் ஓரங்குலச் சதுரம் கதையில் ஐந்தடி என்பது அதில் வழக்கமான கணக்கு. இதற்கும் வெகு முன்னரே, 1812-இல், ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்காக, இடம் மாற்றி அடுக்கத்தக்க நிலப்பரப்புத் துண்டுகள் கொண்ட ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். படைத் தலைவர்களின் பயிற்சிக்கென வளர்ந்த அந்தக் கலை, இன்று ஒரு தாயும் மகளும் மாலை நேரத்தைச் சேர்ந்து கழிக்கும் அளவுக்கு எளிமையாகிவிட்டது.

என் ஒன்பது வயது மகளும் நானும் இவ்விளையாட்டைத் தமிழிலேயே ஆடுகிறோம். சுவரின் மறைவில் நிற்கும் காவலாளிக்குத் தன் பாத்திரம் தெரியுமா என்ற ஐயம் வந்தால், அவள் குனிந்து மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து, அந்தக் காவலாளியின் கண்மட்டத்திலிருந்து பார்க்கிறாள். தெரியும் என்று கண்டால் சுவரைத் தொடாமல் வேறு வழி தேடுகிறாள். தொலைவு, கோணம், உயரம் ஆகியவற்றை நான் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. சில நாட்களில் கோட்டையை அவளே அமைத்து, கதையையும் அவளே நடத்தி, என்னை உள்ளே மாட்டிக்கொண்ட வழிப்போக்கனாக ஆட வைக்கிறாள். அந்த நேரங்களில் அவள் மனத்தில் என்னென்ன ஓடுகிறது என்பதை, நேரடியாகக் கேட்டிருந்தால் கிடைக்காத அளவுக்கு நான் அறிந்துகொள்கிறேன். குழந்தையோடு அருகருகே உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்த்துப் பேசும் வாய்ப்பை இவ்வளவு இயல்பாகத் தரும் விளையாட்டுகள் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

வாங்க நினைப்போருக்குச் சில செய்திகள் பயன்படலாம். முப்பரிமாண அச்சில் பெரும்பாலும் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும்; ஆகவே சென்னை வெயிலில் மூடி நிறுத்திய காரிலோ மொட்டை மாடியிலோ அதை விட்டுவைத்தால் சுவர்கள் வளைந்துபோகும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகைத் துண்டுகள் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஓரம் உப்பும். காந்தம் பதித்த துண்டுகள் சுலபமாகச் சேரும் என்றாலும், கழன்று விழும் சிறு காந்தங்களைக் குழந்தை விழுங்கினால் அவை குடலைக் கிழிக்கும் ஆபத்து உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவை அறவே வேண்டாம். தொடக்கத்தில் ஓர் அறையும் ஒரு நடையும் ஒரு கதவும் அமைக்கும் அளவுக்கு, வண்ணம் பூசாத துண்டுகளாக வாங்கினாலே போதும். அடர் சாம்பல் நிற வண்ணத்தைப் பூசி உலரவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பல் நிறத்தைத் தொட்டு மேடுகளில் மட்டும் தேய்த்தால் கல்லின் தோற்றம் வந்துவிடும். அந்த வேலையைக் குழந்தையிடமே கொடுக்கலாம்.

விலைதான் பெரிய தடை. பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயமாயிற்று. உள்நாட்டில் பொம்மைத் தொழில் வளர வேண்டும் என்ற நோக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் பாரிமுனை, சௌகார்பேட்டைக் கடைகளில் நான் தேடியவரை இவ்வகைத் துண்டுகள் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் செட்டுகளோ, அனுப்பும் கட்டணமும் வரியும் சேரும்போது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போய்விடுகின்றன.

இதைச் செய்யும் கைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கொலுப்படியின் ஓரத்தில் கேழ்வரகை முளைக்க விட்டு வயலும், கண்ணாடியை வைத்துக் குளமும், தெர்மோகோலில் மலையும் அமைத்துப் பழகியவர்கள் நம் பிள்ளைகள். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான பொம்மைகளை வார்த்தெடுக்கும் கலைஞர்கள் பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் இருக்கிறார்கள். காகிதக் கூழில் செய்யும் சுவர் எடை குறைவாக இருக்கும், காலில் விழுந்தாலும் காயம் ஆகாது. நவராத்திரியை மட்டுமே பெரிதும் நம்பியிருக்கும் அக்குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கவும் இது வழிசெய்யும். வடிவங்களுக்கும் அயல்நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சியின் ராஜகிரி உச்சிக்குச் செல்ல, ஒரு பிளவைக் கடக்கும் சிறு பாலத்தைத் தாண்ட வேண்டும். கதை சொல்பவருக்கு அதைவிட நல்ல களம் அமையாது. வேலூர்க் கோட்டையின் அகழியும் அப்படிப்பட்டதே.

பூம்புகார் நிறுவனம் இவ்வாண்டு கொலுக் கண்காட்சியிலேயே சோதனை முயற்சியாக ஒரு சிறு கோட்டைத் தொகுப்பை விற்பனைக்கு வைக்க வேண்டும் என்றும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அத்தகைய தொகுப்பு ஒன்றைப் பொது விளையாட்டுக்காக வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். யார் செய்தாலும் ஓரங்குலச் சதுரத்தையே அடிப்படை அளவாகக் கொண்டால், பண்ருட்டிச் சுவரும் விளாச்சேரிப் படிக்கட்டும் ஒரே மேசையில் ஒன்றோடொன்று பொருந்தும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை