ரோட்டோர நடுகல்லுக்குப் பலகை வைக்கும் முன்

அன்புள்ள மாதையா,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பர்கூரில் மழை பெய்ததாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இங்கே தருமபுரியில் வானம் மூடுவதோடு சரி.

நீ படம் எடுத்து அனுப்பியது நடுகல்தான், சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல். சந்தேகமே வேண்டாம். கையில் வில், இடுப்பில் குறுவாள், தொடையில் தைத்த அம்பு, காலடியில் இரண்டு மாடு. தலைக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்குக்குள் மூன்று வரி எழுத்து இருக்கிறது. வளைவுகளைப் பார்த்தால் வட்டெழுத்து, தமிழை எழுதிய பழைய எழுத்து வகை. ரோடு அகலமாவதற்குள் பக்கத்தில் ஒரு பலகை வைத்துவிட வேண்டும் என்கிறாய். நல்ல காரியம். ஆனால் பலகை கடைசி வேலை.

முதலில் பூசாரியிடம் பேசு. வேடியப்பன் என்று ஊரார் கும்பிட்டு வந்ததால்தான் அந்தக் கல் இன்றுவரை துணி துவைக்கும் கல்லாகாமல் பிழைத்திருக்கிறது. அவர்கள் சம்மதமில்லாமல் கை வைத்தால் நாளைக்குக் காவலுக்கு ஆள் இருக்காது.

பிறகு அளவு. தரைக்கு மேல் உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் நிற்கட்டும். எழுத்தைப் படிக்க உச்சி வெயில் ஆகாது, எல்லாம் தட்டையாகிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தை ஒட்டினாற்போலப் பிடி. கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று ஒளியை மாற்றி மாற்றி எடு. ஒரு பக்க ஒளியில் மறையும் கோடு மறுபக்க ஒளியில் அகப்படும்.

கோலமாவு, சாக்பீஸ் எதையும் எழுத்துக்குள் தேய்க்க விடாதே. தேய்க்கிறவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் வரைவார், பிறகு படிப்பவருக்கும் அதுவே கண்ணில் படும். பிசுக்கு போக ஆசிட், கம்பி பிரஷ் கூடவே கூடாது. தண்ணீரும் மெதுவான பிரஷும் போதும். போகாததை விட்டுவிடு.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் எடுக்கும் படி, எடுக்கப் பழகின கை வேண்டும். கல்லைக் கழுவி, நனைத்த தடித்தாளை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றுவார்கள். தளம் கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் ஈரமாக இருக்கும்போதே மை வைத்தால் பள்ளத்துக்குள் கசிந்து எல்லாம் ஒரே கறுப்பு, கல்லிலும் கறை. எண்ணெய் ஏறிய கல்லில் தாள் ஒட்டவும் ஒட்டாது. அதனால் இந்த வேலையைத் தொல்லியல் துறைக்காரர்களிடம் விட்டுவிடு. கலெக்டருக்கு மனு எழுதி, துறைக்கும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் நகல் அனுப்பு. நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒன்று. ஜேசிபி ஓட்டுபவர் கையில் இருக்கும் வரைபடத்தில் கல் இருந்தாக வேண்டும். வாளி இடித்தால் முதலில் பெயர்வது மேல் விளிம்பு, உன் கல்லில் எழுத்து இருப்பதும் அங்கேதான்.

இப்போது பலகை. எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நம் சீமையிலேயே வாத்தியார் இருக்கிறார். பதிகால்பள்ளத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைத்தான் சொல்கிறேன், அந்தக் காலத்து நெடுஞ்சாலையின் மைல்கல். 13ஆம் நூற்றாண்டு எழுத்து. எந்த வழி, எந்த ஊருக்கு, எத்தனை தூரம் என்ற மூன்றே செய்தி: அதியமான் பெருவழி, நாவற்தாவளத்துக்குக் காதம் 29. காதம் என்பது பழைய தூர அளவு. அதன் கீழே எழுத்துத் தெரியாதவருக்காகக் குழிகள், பெரிது இரண்டு, சிறிது ஒன்பது. பெரியது பத்து, சிறியது ஒன்று. மாட்டு வண்டிக்காரர் இருட்டில் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். புகழ்ச்சி ஒரு சொல் கிடையாது. எண்ணூறு வருஷம் ஆகப்போகிறது, இன்றும் அதில் ஒரு எழுத்தை மாற்றத் தேவையில்லை.

உங்கள் ஊர் இளைஞர்கள் "4000 ஆண்டு பழமை" என்று போடச் சொல்கிறார்கள் என்றாய். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று காலம் வந்ததை 2022இல் அறிவித்தார்கள். அந்த வயது அந்த இரும்புக்கு உரியது. உன் கல்லின் வயதை அதன் எழுத்துத்தான் சொல்ல வேண்டும். பல்லவர் காலத்து நடுகல்லானால் "கோவிசைய" என்று தொடங்கி, அரசன் பெயரும் "பருமற்கு யாண்டு" என்று ஆட்சியாண்டும் வரும். அதைப் படித்த பிறகே நூற்றாண்டு போடு.

இன்னொன்று, இதில் ரொம்பப் பேர் தவறுகிறார்கள். "ஊர் மாட்டை மீட்டு உயிர் விட்ட வீரன்" என்று உடனே எழுதிவிடாதே. மாட்டைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் எடுத்திருக்கிறார்கள், மீட்கப் போய் இறந்தவனுக்கும் எடுத்திருக்கிறார்கள். உருவம் இருவருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். "தொறு கொண்ட" என்று வருகிறதா, "தொறு மீட்டு" என்று வருகிறதா என்பதை வைத்துத்தான் தெரியும். தொறு என்றால் மாட்டு மந்தை. எந்தப் பக்கம் நின்று செத்தான் என்பதை நாம் மாற்றி எழுதினால் அந்த மனிதனுக்கே செய்யும் துரோகம்.

அதுவரை இது போதும்: "நடுகல். மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்தது. மேலே வட்டெழுத்து. ஊரார் வேடியப்பனாக வழிபடுகின்றனர். பெயிண்ட் அடிக்காதீர்." இடம் மிச்சமிருந்தால் நிரப்பத் தேவையில்லை.

தகரத்தில் எனாமல் பெயிண்ட் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்து உரிந்துவிடும். உங்கள் பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கா பஞ்சம்? கழிவுப் பலகை ஒன்று வாங்கி எழுத்தைச் செதுக்கச் சொல். நடுகல்லிலிருந்து நாலு அடி தள்ளி, அதைவிடக் குட்டையாக, சிலையை மறைக்காமல் நடு. பலகைக்குப் போடும் சிமெண்ட் நடுகல்லின் காலைத் தொடவே கூடாது. மேடை கட்டுகிறேன் என்று கீழே இருந்த மாடுகளை மூடிவிட்ட கல் எத்தனையோ இருக்கிறது.

கல்லை நகர்த்தியே ஆக வேண்டும் என்று ரோட்டுக்காரர்கள் சொன்னால் துறை ஆள் வரும்வரை நிறுத்தி வை. சங்கிலி கட்டித் தூக்க விடாதே. கையால் தோண்டி, சாக்கு சுற்றி, மரப்பலகை மேல் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்த பாகத்திலும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மறுபடி நடும்போது அதே திசை பார்க்கட்டும்.

டார்ச் படங்களை அனுப்பு. செதுக்கக் கொடுக்கும் முன் வாசகத்தையும் ஒருமுறை எனக்கு அனுப்பிவிடு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோவிந்தன்
தருமபுரி