2025 இந்திய ஃபுட்பால் சூப்பர் கப் குரூப் ஏ டேபிள், இதோட முடிஞ்சுது
மக்களே, நேத்துலருந்து எல்லாரும் ஈஸ்ட் பெங்கால் எப்படி மோகன் பகானத் தாண்டி செமிக்குப் போச்சுன்னு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால ஒரே தடவை சொல்லிடுறேன். கோவா ஃபட்டோர்டால இந்த ரெண்டு கொல்கத்தா டீமும் மோதின டெர்பி 0-0, ரெண்டு டீமுக்கும் 5 பாயிண்ட், நேருக்கு நேர் மேட்சும் டிரா, அதனால கோல் வித்தியாசம் (போட்ட கோல்ல வாங்கின கோல கழிச்சா வர்றது) பாத்தாங்க, ஈஸ்ட் பெங்கால் பிளஸ் 4, மோகன் பகான் பிளஸ் 2, அவ்ளோதான். குரூப்ல முதல் இடத்துக்கு மட்டும்தான் செமி.

அந்த பிளஸ் 4 மொத்தமும் நம்ம சென்னையின் எஃப்சி டீம் குடுத்த தானம், 4-0 😭 மோகன் பகான் நம்மள அடிச்சது வெறும் 2-0. குரூப்ல நாலாவது டீமான கோவா கிளப் டெம்போ மூணு மேட்சும் டிரா பண்ணி 3 பாயிண்ட், நமக்கு 1.

பழைய டேபிள் ஸ்கிரீன்ஷாட்ட இன்னும் ஃபார்வர்டு பண்றவங்க கொஞ்சம் டெலீட் பண்ணிடுங்கப்பா.