அம்மாவின் நாக்கும் உன் ராத்திரிச் சாப்பாடும்

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள கயல்,

செவ்வாய்க்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. "எதுவுமே பிடிக்கலப்பா, காரணமும் தெரியல" என்றாய். அப்புறம் ரொம்ப நேரம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காலிங்பெல் சத்தம் கேட்டது. சாப்பாடு வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாய். அப்போது மணி பன்னிரண்டே முக்கால். இதைப் போனில் சொன்னால் நான் புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிடுவேன், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லை, லீவு நாளில் படி.

முதலில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும்.

2016-இல் ஆச்சி தவறியபிறகு அம்மா கறி, மீன் எல்லாவற்றையும் விட்டாள். முட்டையும் கிடையாது. சளி பிடிக்கிறது என்று தயிர், மோரையும் ஒதுக்கிவிட்டாள். காபியில் ஊற்றுகிற பால்தான் மிச்சம். நெஞ்செரிச்சல் என்று அடிக்கடி சொல்வாள். நானே ஒமிப்ரசோல் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, வருஷக்கணக்காக.

2019 வாக்கில் அவள் ஆளே மாறிப்போனாள். வாசலில் கோலம் போடுவதை நிறுத்தினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நிற்பாள், பொங்கி வழியும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுவாள். ஏன் என்று கேட்டால், "தெரியல, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பாள். செவ்வாய்க்கிழமை உன் குரலில் நான் கேட்டது அதே பேச்சுதான். கால் மதமதவென்று இருக்கிறது, செருப்பு நழுவுவதுகூடத் தெரியவில்லை என்றாள். ரசம் பட்டாலே நாக்கு எரிகிறது என்று தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டாள். பெத்த தாயைப் பறிகொடுத்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் நான். எத்தனையோ பேருக்குச் சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் இருந்ததைப் பார்க்கத் தவறினேன் கயல். அது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கால் மதமதப்புக்காகத்தான் போயிருந்தோம். "நாக்கை நீட்டுங்கம்மா" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். நம் நாக்கில் சொரசொரவென்று மொட்டு மொட்டாக இருக்குமே, அது ஒன்றுகூட இல்லை. தக்காளித் தோல் மாதிரி வழவழவென்று சிவந்து கிடந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை நான் பார்த்ததே இல்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைவாக இருந்தது.

பி12 பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் கிடையாது. நரம்பைச் சுற்றியிருக்கிற உறை சேதமாகாமல் இருக்கவும், ரத்த அணு உருவாகவும் அது வேண்டும். கல்லீரல் அதைச் சில வருஷங்களுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால் சாப்பாட்டில் நின்றுபோனாலும் உடனே தெரியாது. ஆச்சி போய் மூன்று வருஷம் கழித்துத்தான் அம்மாவுக்கு வெளியே தெரிந்தது. இன்னொன்று, சாப்பாட்டிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் நான் தினமும் ஒரு மாத்திரை கொடுத்து அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஊசி போட ஆரம்பித்தார்கள். மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவப்பாக இருக்கும் அந்த மருந்து. முதலில் நாக்கு ஆறியது. ஆறேழு வாரம் போயிருக்கும், ஒருநாள் விடியற்காலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சி சொல்லிக்கொடுத்த சிக்குக் கோலம். நடுவில் ஒரு இழை தப்பியது. புறங்கையால் அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை.

ஆச்சி போன துக்கம் அவளுக்கு இன்றும் இருக்கிறது. அந்தத் துக்கத்தோடு ஒரு சத்துக்குறைவும் சேர்ந்து அவளை அழுத்தியது. நாங்கள் துக்கத்தை மட்டும் பார்த்தோம்.

உனக்கும் இதேதான் என்று சொல்ல வரவில்லை. வேலை, தனிமை, அந்தப் பிரிவு, எல்லாமே கனமானவைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவிடம் நீ சொன்னதைக் கேட்டேன். மத்தியானம் எழுந்து டீயும் பிஸ்கட்டும். சாயங்காலம் ஆபீசில் ஏதோ நொறுக்குத்தீனி. நடுராத்திரிக்கு ஃபிரைட் ரைஸோ பரோட்டாவோ. நடுவில் நாலு காபி. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்றும் சொன்னாயாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு இந்தத் தடவையும் நான் சும்மா இருக்க முடியாது.

வயிற்றுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்குத் தோன்றலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று காலையில் நீ ஐந்து தடவை பாத்ரூம் ஓடினாய், ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் சாப்பிட்டது வெறும் இட்லிதான். பரீட்சை முடிந்து வந்ததும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாய். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, வயிற்றெரிச்சல், வயிற்றில் பாலை வார்த்தாய் என்றெல்லாம் நம் ஆட்கள் பயத்தையும் பொறாமையையும் நிம்மதியையும் வயிற்றில் வைத்துத்தானே பேசுகிறார்கள்.

1822-இல் அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற ஆளுக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த பியூமான்ட் என்ற ராணுவ டாக்டர் அந்த ஓட்டை வழியாகவே செரிமானத்தைக் கவனித்து 1833-இல் புத்தகம் போட்டார். அந்த மனிதர் கோபப்பட்டபோதெல்லாம் இரைப்பையின் உள்தோல் நிறம் மாறியதையும் செரிமானம் கெட்டதையும் எழுதிவைத்திருக்கிறார்.

மனசு வயிற்றை ஆட்டுவிப்பது அது. வயிற்றிலிருந்தும் மூளைக்குச் செய்தி போகிறது. குடல் சுவரில் மட்டும் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நாலு பங்கு கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. குடலில் வாழ்கிற கிருமிகள் நாம் சாப்பிடுகிற நார்ச்சத்தைத் தின்று சில அமிலங்களை உண்டாக்குகின்றன. குடலின் உள்சுவருக்கு அவைதான் தீனி. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயுமாகவே போனால் அந்தக் கிருமிகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. 2004-இல் ஜப்பானில் உடம்பில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றின் உடம்பில் பதற்ற ஹார்மோன் அதிகம் சுரந்தது.

மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற ரசாயனம், உடம்பில் இருப்பதில் தொண்ணூறு சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மைதான். ஆனால் அது மூளைக்குள் போகாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதனால் வயிற்றைச் சுத்தம் பண்ணினால் மனசு சரியாகிவிடும் என்று எவனாவது பவுடர் விற்றால் வாங்காதே.

நான் நம்புவது இதைத்தான். ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு உணவு ஆலோசகர் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார். முழுத் தானியம், பயறு, காய்கறி, பழம், கொட்டை வகை, மீன். இனிப்பும் பொரித்ததும் குறைவு. மீதிப் பேரிடம் அதே அளவு நேரம் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். 12 வாரம் கழித்துப் பார்த்தால், சாப்பாடு மாறியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு விலகியிருந்தது. மற்றவர்களில் 8 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முக்கியமாக, அவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே மருந்தோ மனநல ஆலோசனையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சாப்பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார். அதுவரை ராத்திரியில் தாங்கமுடியாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். எனக்கும் கூப்பிடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

டாக்டரிடம் போகும்போது பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி இத்தனையும் பார்க்கச் சொல்லிக் கேள். ரத்தசோகை இருந்தாலே எதிலும் மனசு ஒட்டாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நீயும் அதில் ஒருத்தியாக இருக்கலாம். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே, இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்.

பெரிதாகச் சமைக்கச் சொல்லவில்லை. குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வை. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படு. எழுந்ததும் தயிர் விட்டுப் பிசைந்து, நாலு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடு. தயிரிலும் பழைய சோற்றிலும் உயிருள்ள நல்ல கிருமிகள் இருக்கின்றன. வெங்காயம் அவற்றுக்குத் தீனி. இட்லி மாவும் புளித்ததுதான், ஆனால் ஆவியில் வேகும்போது கிருமிகள் செத்துவிடும். இட்லி நல்லதுதான், இருந்தாலும் தயிருக்குப் பதிலாகாது. உனக்கு முட்டை பிடிக்கும், தினம் ஒன்று அவித்துக்கொள். நடுராத்திரி ஆர்டரை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விட்டுப்பார். ஒரேயடியாக மாற்றாதே, திடீரென்று நார்ச்சத்து கூடினால் வயிறு உப்பும்.

அம்மா உனக்கு ஒரு பார்சல் கட்டியிருக்கிறாள். கேப்பை மாவு, உளுந்தங்களிக்கு வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, வறுத்த வேர்க்கடலை, மாவடு ஒரு பாட்டில். நீ கேட்ட கடலைமிட்டாயும் இருக்கிறது. நாளைக் காலையில் கூரியரில் போடுகிறேன். பாட்டிலை மட்டும் வந்ததும் திறந்து பார்த்துவிடு, எண்ணெய் கசிந்தாலும் கசியும்.

அம்மா இப்போது தயிரும் முட்டையும் சேர்த்துக்கொள்கிறாள், பி12 மாத்திரையும் தவறாமல் போடுகிறாள். கறி மட்டும் இன்னும் தொடுவதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோ கால் போடச் சொல்கிறாள். உளுந்தங்களி கிண்டும்போது நல்லெண்ணெயை எப்போது விட வேண்டும் என்று உனக்குக் காட்ட வேண்டுமாம். அப்போது எனக்கும் ஒரு நிமிஷம் உன் நாக்கை நீட்டிக் காட்டு.

அன்புடன்,
அப்பா