கடல்குதிரைய பத்தி நைனா எழுதறது

கண்ணு,

போன்ல பேசினா சரி நைனா சரி நைனான்னு கட் பண்ணிடற, அதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத. மீன்புடி தடைக்காலம், காசிமேட்டுல லாஞ்சு எல்லாம் கட்டிப்போட்டு கீது, இந்த 61 நாளும் எனக்கு வலை கிழிசல் தைக்கிற வேல தான், கை இங்க கீது மனசு பூனால ஒன் கிட்ட கீது.

அன்னிக்கி ராத்திரி சொன்னியே, டிப்ரஷன் வந்தா மூளை சுருங்கிடுமாம் நைனா, கடன் வாங்கியாவது எம்ஆர்ஐ எடுத்து பாக்கணும்னு. எனக்கு தூக்கமே வரல. காலைல எதிர் ஊட்டு பொண்ண, அதான் ஸ்கேன் சென்டர்ல வேல செய்யுதே, அத்த புடிச்சி குந்த வெச்சி எல்லாத்தயும் கேட்டேன், அதுவும் பொறுமையா செல்லுல படிச்சி படிச்சி சொல்லுச்சி.

நீ படிச்சது பொய்யில்லயாம். மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ்னு ஒண்ணு கீதாம், ஞாபகத்த புடிச்சி வெக்கிற எடம். வளைஞ்சி கடல்குதிரை மாதிரி இருக்கறதால அந்த பேராம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சி, வலைல எத்தினி கடல்குதிரை பாத்துருப்பேன், 2001ல புடிக்கக்கூடாதுன்னு சட்டம் வந்ததுலருந்து சிக்கினா திருப்பி தண்ணில வுட்டுடறது, இப்ப பாத்தா அது தலைக்குள்ளயே கீதாம்.

அந்த கடல்குதிரை தான் டிப்ரஷன் உள்ளவங்களுக்கு கொஞ்சம் சின்னதா கீதாம். 2015ல பல நாட்டு ஸ்கேன ஒண்ணா சேத்து பாத்தாங்களாம், நோவு உள்ளவங்க 1,728 பேரு, இல்லாதவங்க 7,199 பேரு. வித்தியாசம் எவ்ளோ தெரியுமா, சராசரியா 1.24 சதவீதம். நூறு கிலோ மீனுக்கு ஒண்ணேகால் கிலோ. நம்ம ஏலத்துல அவ்ளோ கொறஞ்சா ஐஸ் தண்ணி வடிஞ்சிருக்கும்னு வுட்டுட்டு போயிடுவான்.

இன்னொண்ணு கேளு. ரெண்டு லாஞ்சு மீன ஆயிரம் ஆயிரம் கூடையா எடை போட்டு சராசரி எடுத்தா, இந்த லாஞ்சு கூடை கொஞ்சம் கொறச்சல்னு சொல்லலாம். ஒரே ஒரு கூடைய தூக்கி கைல குடுத்து இது எந்த லாஞ்சுதுன்னு கேட்டா? எந்த கொம்பனாலயும் முடியாது, நாப்பது வருஷம் கடல்ல கெடந்த என்னாலயும் முடியாது. ஒன் ஸ்கேனு அந்த ஒத்த கூடை தான்டா. நோவு உள்ளவன்ல நெறைய பேருக்கு நல்லா பெருசாவே கீதாம், நோவு இல்லாதவனுக்கு சின்னதா கீதாம். அதுக்கு தான் ஒங்க டாக்டரு ஸ்கேன் வாணாம்னாரு, தூக்கம் சாப்பாடு எல்லாம் கேட்டு தான் கண்டுபுடிக்கிறாங்க.

அப்பறம் அந்த சின்ன வித்தியாசமும் திரும்பத் திரும்ப வந்தவங்களுக்கும், 21 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சவங்களுக்கும் தான் தெரிஞ்சிதாம். மொத தடவ வந்தவங்க கிட்ட ஒண்ணும் தெரியலயாம். ஒனக்கு இப்ப 26, இதான் மொத தடவ. இத்த அந்த பொண்ண ரெண்டு வாட்டி படிக்க சொன்னேன்.

எலிய வெச்சி பாத்தாங்களாம், ரொம்ப நாள் பேஜாரு குடுத்தா அந்த கடல்குதிரைல நரம்போட கிளைங்க சுருங்குது, பேஜாரு நின்னா திரும்ப வளருதாம். வயசானவங்கள ஒரு வருஷம் ஒயுங்கா நடக்க வெச்சதுல கடல்குதிரை 2 சதவீதம் பெருசாச்சாம், 2011ல. அவங்க டிப்ரஷன்காரங்க இல்ல, அதயும் சொல்லிடறேன், அப்பறம் நைனா ரீல் வுடறாருன்னு நெனப்ப.

இன்னொரு விஷயம், இத்த போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. போன பொங்கலுக்கு நீ பேசாம மொட்ட மாடிலயே குந்திக்கினு இருந்தப்ப, சொந்தக்காரங்க முன்னாடி கீழ்ப்பாக்கம் கேஸுன்னு சொன்னேன்ல. எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794ல ஆரம்பிச்சதாம், இத்தினி வருஷம் கழிச்சும் நமக்கு அது கிண்டல் தான். பெத்தவன் அப்டி சொல்லியிருக்க கூடாது. ஒனக்கு கால் ஒடஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா.

மாத்திரய டாக்டர கேக்காம நிறுத்தாத. ஸ்கேனுக்கு வெச்ச துட்டுல ட்ரெயின் டிக்கெட் போடு. ராத்திரி மனசு ரொம்ப அடிச்சிக்கினா ரெண்டு மணியானாலும் போன் போடு, நான் முழிச்சிக்கினு தான் இருப்பேன். அம்மா நெத்திலி கருவாடு எடுத்து வெச்சிருக்கா, நீ வந்தா தான் கொழம்பாம், எனக்கு கூட குடுக்க மாட்டேன்றா. எந்த ட்ரெயினுன்னு மட்டும் மெசேஜ் போடு, சென்ட்ரலுக்கு நானே வரேன்.

நைனா