"வீட்டிலேயே பாடி அனுப்பிடுங்க அக்கா" என்று கேட்கும் இசையமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்த பழக்கம் இது. ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. "ட்ராக் அனுப்பியிருக்கேன் அக்கா, ராத்திரிக்குள்ள பாடி அனுப்பிடுங்க, வீட்டு மைக்கே போதும்." எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. வடபழனி ஸ்டூடியோவுக்குப் பஸ் பிடிக்க வேண்டாம், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் பாடுவது மட்டம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் லாஸ் ஏஞ்சல்ஸில் அண்ணனின் படுக்கையறையில் பதிவானதுதான், 2020இல் கிராமியும் வாங்கியதுதான். ஆனால் அந்த அறையில் அண்ணன் ஃபின்னியஸ் கூடவே இருந்து கேட்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்கள். ரஹ்மானின் பஞ்சதனும் வீட்டோடு இருந்ததுதானே என்பீர்கள். இருந்தது, ஆனால் ஸ்டூடியோவாகவே கட்டிய இடம் அது, எச். ஸ்ரீதர் மாதிரி ஒலிப்பொறியாளர்கள் வேலை செய்த இடம்.

என் 'ஸ்டூடியோ' எப்படி என்றால், என்னிடம் இருக்கும் கார்டியாய்டு வகை மைக் தன் எதிரே இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும், அதாவது என்னையும், என் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும். அதனால் புடவைகள் தொங்கும் பீரோவை முழுக்கத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டி நிற்பேன். மே மாதத்திலும் ஃபேன் கிடையாது. குக்கர் விசில் அடங்கி, தெருவில் கடைசி ஆட்டோ போய் முடிய மணி பதினொன்று ஆகிவிடும். (சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்ன தம்பிக்கு: அது கொஞ்சம் எதிரொலியைக் குறைக்கலாம், ஆட்டோவை நிறுத்தாது.) அந்த நேரத்தில், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்கும்போது, நீங்கள் அனுப்பியிருக்கும் குத்துப்பாட்டை நான் எந்தத் தொண்டையில் பாடுவது? அடக்கித்தான் பாடுவேன், மறுநாள் "எனர்ஜி கம்மியா இருக்கு அக்கா" என்று வரும்.

போன மாதம் ஒரே சரணத்தைப் பதினான்கு டேக் பாடி, நானே நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டி, மூச்சுச் சத்தங்களைக் குறைத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில்: "அந்த 'ழ'வுல கொஞ்சம் ஏக்கம் வேணும்." ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்பேக்கில், அதாவது பாடுபவரின் ஹெட்ஃபோனுக்குப் பேசும் மைக்கில், இதைச் சொல்லியிருந்தால் அடுத்த டேக்கிலேயே முடிந்திருக்கும். வீட்டில் மறுபடியும் பீரோ, மறுபடியும் பதினொரு மணி. அதே இடத்தில் நின்றேனா என்பதுகூட நினைவில்லை, மைக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நின்றாலே குரலின் கனம் மாறிவிடும், பழைய டேக்கோடு ஒட்டாது.

ஸ்டூடியோ வாடகையும் பொறியாளர் சம்பளமும் உங்களுக்கு மிச்சம், சந்தோஷம். ஆனால் அந்த வேலை எங்கேயும் போய்விடவில்லை, என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது, சம்பளம் மட்டும் பாடியதற்கு மட்டுமே வருகிறது. எடிட்டிங்குக்குத் தனியாகக் கொடுங்கள், கேட்கவே கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன். நான் பாடும்போது அரை மணி நேரம் வீடியோ காலில் வந்து உட்காருங்கள், லைனில் குரல் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, 'ழ' சரியா இல்லையா என்று அப்போதே சொல்லிவிடலாம். அப்புறம், தொண்டை திறந்து பாட வேண்டிய பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஸ்டூடியோ எடுங்கள், நானே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு மேல் வேண்டுமென்றால் தாலாட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோரஸ் அக்கா